இருபத்தொன்றாம் நாள் ஊசி

என் தங்கைக்குப் பதினொரு வயதில் தொண்டை வலி வந்தது. உப்பு போட்டு வெந்நீரில் கொப்பளித்தாள், சரியாகிவிட்டது. சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு ஒரு முட்டி வீங்கியது, பிறகு இன்னொன்று. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் இதய வால்வு பழுதாகியிருப்பது தெரிந்தது. அந்தக் காய்ச்சல் திரும்ப வந்தால் வால்வு இன்னும் கெடும். வராமலிருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, நாற்பது வயது வரை போட வேண்டும் என்றார் டாக்டர்.

எட்டு வருடம் போட்டோம். இடுப்பில் குத்தினால் இரண்டு நாள் நொண்டுவாள். அந்த வலியைத் தவிர வேறு எதற்கும் நாங்கள் பயப்பட்டதில்லை, அரசு மருத்துவமனையின் மருந்து கவுன்ட்டரில் அந்தப் பதில் வரும்வரை.

"ஸ்டாக் இல்லம்மா. அடுத்த வாரம் வந்து பாருங்க."

"அடுத்த வாரம்னா நாள் தாண்டிடும் சார்."

"எனக்குத் தெரியாதாம்மா? எழுதி அனுப்பிட்டோம். வந்தாத்தானே குடுக்க முடியும்?"

எனக்குப் பின்னால் ஒரு பெண் ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். மாங்காட்டிலிருந்து வந்தவள், வீட்டு வேலை செய்பவள்.

"இன்னாக்கா, உங்களுக்கும் அந்த ஊசியா? நாலு நாளா அலஞ்சிகினு கீறேன்க்கா. நம்பர் குடுங்க. உங்களுக்குக் கெடச்சா எனுக்கு சொல்லுங்க, எனுக்குக் கெடச்சா நான் சொல்றேன்."

நம்பர் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து அம்பத்தூர் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர், "அத நாங்க வெக்கிறதே இல்லம்மா. போட்டு அலர்ஜி ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். இன்னொருவர், "அதுல லாபமே கெடையாது. கொஞ்ச பேர்தான் செய்யறான். அவன் நிறுத்தினா எங்கயும் இருக்காது" என்றார். பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் தேடினேன். அத்தியாவசிய மருந்துகள் என்று உலகத்துக்கே ஒரு பட்டியல் இருக்கிறது, நம் நாட்டுக்கும் தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டிலும் அந்த ஊசியின் பெயர் இருந்தது. பார்த்ததும் ஆறுதலாக இல்லை, பயம்தான் கூடியது. இது இல்லாமல் முடியாது என்று இத்தனை பேருக்குத் தெரிந்திருந்தும் கடையில் இல்லை.

கடைசி ஊசி போட்ட இருபத்தைந்தாம் நாள் காலை தங்கை சாதாரணமாகச் சொன்னாள்: "தொண்ட கரகரன்னு கீதுக்கா."

வாயைத் திறக்கச் சொல்லி போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். சிவப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குக் கரையான்சாவடியில் ஒரு பழைய கடையில் கிடைத்தது. கடைக்காரர் ஃபிரிட்ஜின் அடித்தட்டைத் துழாவி இரண்டு குப்பிகள் எடுத்தார்.

"ரெண்டுதான் கீது. ஒண்ணு போதுமா?"

"ரெண்டும் குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் போன் அடித்தது. மாங்காட்டுப் பெண்.

"கெடச்சிச்சாக்கா?"

பைக்குள் குப்பிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. "இல்லம்மா, இன்னும் கெடைக்கல" என்றேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

மறுநாள் காலை டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, சாதாரண சளிதான் என்றார். ஒரு குப்பியை நர்ஸ் கலக்கிப் போட்டார். வீட்டுக்கு வந்து தங்கை தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். முட்டை வைக்கும் இடத்தில் இன்னொரு குப்பி இருந்தது.

"இது யாருக்குக்கா?"

"உனக்குத்தான். அடுத்த தடவைக்கு."

மேஜைமேல் என் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. திரையில் 'மாங்காடு ஊசி' என்று நான் பதிந்து வைத்த பெயரை அவள் படித்தாள். கேட்டாள். சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா வயசு?"

"ஒம்போது."

அவளே போனை எடுத்துத் திரும்ப அழைத்தாள். "நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு வாங்க. ஊசி கீது."

நான் கத்தினேன். அடுத்த தடவை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய், உன் வால்வுதானே போகும், அவளுடையதா என்றெல்லாம் கேட்டேன். தங்கை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனுக்கு இன்னும் இருவத்தோரு நாள் கீதுக்கா. அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கே இல்ல."

நானும் தங்கையும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். மாங்காட்டுப் பெண் டிபன் டப்பாவில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். குப்பியை வைத்து மூடிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குதான் கெடச்சிச்சாக்கா?"

"ஆமா" என்றேன். தங்கை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தொரு நாள் கழித்தும் மருத்துவமனைக்கு ஊசி வரவில்லை. வரும்வரைக்கும் என்று டாக்டர் பென்சிலின் மாத்திரை எழுதித் தந்தார், தினமும் இரண்டு வேளை, ஒரு வேளைகூட விடக்கூடாது. தங்கை வாயில் போட்டு விழுங்குவதை நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு ஊசி வந்தது. ஏன் நின்றது, எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் வழக்கம்போல் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

இப்போதும் சில தடவை அந்த அம்மாவும் மகளும் நாங்கள் போகும் அதே நாளில் வருகிறார்கள். சிறுமி நன்றாக இருக்கிறாள். அவள் அம்மா எனக்காகப் பெஞ்சில் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வீட்டுக் கதையெல்லாம் கேட்கிறேன். அந்த இரண்டு பொய்களையும் இன்னும் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.