மணி அடிக்கும் வரை ஓடிய தண்ணீர்

பஞ்சாலையில் எனக்குக் கொடுத்த வேலை, கூரைக்கடியில் ஓடிய தண்ணீர்க் குழாய்களைக் கவனித்துக்கொள்வது. சுதந்திரம் வந்து சில வருடம் கழித்து இராமநாதபுரத்துக்கு வெளியே தொடங்கிய ஆலை அது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று வீட்டில் பெயர் வாங்கியவன். பயந்தவன்தான் இதற்குச் சரிப்படுவான் என்று மேனேஜர் நினைத்தாரோ என்னவோ.

பஞ்சில் நெருப்புப் பிடித்தால் வாளியைத் தேடி ஓட நேரம் இருக்காது. அதனால் கூரை நெடுகக் குழாய் போட்டு, பத்தடிக்கு ஒன்றாகப் பித்தளைத் தலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் சிவப்பாய் ஒரு திரவம். கீழே தீப்பிடித்தால் சூட்டில் குப்பி உடையும், அடைப்பு விழும், தண்ணீர் பாய்ந்து அடியிலுள்ள பல் வைத்த தட்டில் மோதி மழையாய்ச் சிதறும். மதராஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பெயர் சொன்னார். ஸ்பிரிங்ளர், ஹெட், பல்பு, டிஃப்ளெக்டர். ஆட்களுக்கு அதெல்லாம் வாயில் நுழையவில்லை. ஹெட்டைத் தண்ணிப்பூ என்றார்கள். பல்பு ரத்தக்குப்பி ஆயிற்று. பல் வைத்த தட்டு முள்ளுத்தட்டு. நான் மட்டும் இங்கிலீஷ் பெயர்களையே சொல்லிக்கொண்டிருந்தேன். பெயரைத் தப்பாகச் சொன்னால் காரியமும் தப்பிப்போகும் என்று எனக்கு ஒரு பயம்.

"நம்ம ஊரு வெயிலுக்கே குப்பி உடைஞ்சிராதா சார்?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன்.

"நூத்தி அம்பத்தஞ்சு டிகிரி வந்தாத்தான்யா உடையும். அம்புட்டு வெயில் அடிச்சா குப்பிக்கு முன்னாடி நீ வெடிச்சிருவ."

ஆட்கள் சிரித்தார்கள். ஆனாலும் சித்திரை மாதம் முழுக்க நான் கூரையைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

ஆலைக்குப் பின்னால் தூண்கள் மேல் பெரிய இரும்புத் தொட்டி. அதிலிருந்து வரும் வால்வு எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும் என்பதால் தோல் பட்டை போட்டுப் பூட்டியிருந்தது. சனிக்கிழமைதோறும் மத்தியானம் பக்கத்திலிருந்த சின்ன வால்வைத் திறந்து சோதனை பார்ப்பேன். தண்ணீர் ஓடி, அந்த வேகத்தில் வெளிச்சுவரிலுள்ள மணி அடிக்க வேண்டும். அடித்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். தண்ணீர் சுவருக்குப் பின்னால் மணலில் போய் விழும்.

பிறகு மழை பொய்த்த அந்த வருடம் வந்தது. ஆலைக் கிணறு வற்றிப்போனது. சுற்றுப்பட்டில் நல்ல தண்ணீர் என்று இருந்தது எங்கள் தொட்டியில் மட்டும்தான். தீத்தண்ணி என்று அதற்குப் பெயர். ஒரு கை கூட எடுக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்.

உத்தரகோசமங்கை போகிற வழியிலுள்ள ஓர் ஊரில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரு வியாழக்கிழமை இடுப்பில் குடத்தோடு ஆலை வாசலுக்கு வந்தாள். வெயிலில் நடந்து முகமெல்லாம் கறுத்திருந்தது.

"ஏலே, ஒரு குடம் தண்ணி குடுலே. ஊருணியில சேறுதான் கெடக்கு. மச்சானுக்கு அதக் குடிச்சு வயித்தப் பெரட்டுது."

"அது தீத்தண்ணிக்கா. தொடக் கூடாது."

"தீ எங்கன பிடிச்சிருக்கு?"

"இன்னும் பிடிக்கல."

"பிடிக்கட்டும், நானே வந்து அணைக்கேன். இப்ப ஒரு குடம் குடு."

"மட்டம் எறங்கிரும்க்கா. கெணறும் வத்திப்போச்சு, திரும்ப ரொப்ப வழியில்ல."

"ஒரு குடத்துக்கு எறங்குறதுக்கு அதென்ன தொட்டியா, சொம்பா?"

வாசல் காவல்காரர் சிரித்தார். "குடுத்து விடுப்பா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றார். அன்றைக்கென்று பார்த்துத் தீப்பிடித்தால்? கடைசியில் ஒரு குடம் தண்ணீர் குறைந்ததால் ஓர் ஆள் வெந்து செத்தால்? அப்படியெல்லாம் ஓடியது புத்தி.

"வேணாம்க்கா" என்றேன்.

அக்கா குடத்தை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரி, போறேன். நீ நல்லாப் பாத்துக்க உன் தொட்டிய."

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு வாந்திபேதி கண்டது. மாட்டு வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். எந்தத் தண்ணீர் குடித்தார் என்று டாக்டர் கேட்டார். "ஊருணித் தண்ணிங்க" என்றாள் அக்கா. என் பக்கம் அவள் திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போது மச்சான் போய்விட்டார். முன்பே அவருக்கு உடம்பில் நோய் இருந்திருக்கும், என் ஒரு குடம் என்ன செய்திருக்கும் என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். அக்கா ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆலையில் தீப்பிடிக்கவே இல்லை. ஒரு தடவை பெல்ட் உரசிப் புகைந்ததை ஒருவர் மணலள்ளிப் போட்டு அணைத்துவிட்டார். ஒரு குப்பி கூட உடையவில்லை.

நாலைந்து வருடம் கழித்து, அக்கா பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். அன்று சனிக்கிழமை. நான் சோதனை வால்வைத் திறந்துவிட்டு நின்றேன். மணிச் சத்தம் கேட்டு அவள் சுவரைச் சுற்றி வந்தாள். குழாயில் முதலில் துருத் தண்ணீர் வந்து, அப்புறம் கண்ணாடி மாதிரித் தெளிந்து மணலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதென்னலே, தண்ணி வீணாப் போகுது?"

"சோதனைக்கா. மணி அடிக்குதான்னு பாக்கணும்."

"எப்பவாச்சுமா?"

"வாரா வாரம்."

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்தாள். நாலைந்து குடம் போயிருக்கும். தொட்டியில் தண்ணீர் மட்டம் காட்டும் குறியை நான் நிமிர்ந்து பார்த்தேன். அது அசையவே இல்லை.

"அந்த வருசமுமா?" என்றாள்.

அவள் குடத்தோடு திரும்பிப் போனது வியாழக்கிழமை. அடுத்து வந்த சனிக்கிழமையும் நான் வால்வைத் திறந்திருக்கிறேன். இதே இடத்தில், மணி அடிக்கும் வரை. அதைத் தண்ணீர் என்று நினைக்கவே எனக்குத் தோன்றியதில்லை. இன்ஸ்பெக்டர் சொன்ன பெயர்தான் மனதில் இருந்தது. டெஸ்ட்.

"ஆமாக்கா" என்றேன்.

அக்கா பனங்கிழங்குப் பொட்டலத்தைச் சுவரோரம் வைத்துவிட்டுக் குனிந்து குழாயடியில் கையை நீட்டினாள். குடிக்கவில்லை, முகம் கழுவவில்லை. கை மேல் விழுந்து ஓட விட்டாள். நான் வால்வை மூடினேன். மணி நின்றது. கடைசிச் சொட்டு விழும் வரை அவள் கையை எடுக்கவில்லை.