சாமை மூட்டையில் கடுகு

காலை ஏழு மணிக்குத் தர்மபுரி பேருந்து நிலையத்தில் வத்தல்மலை மினி பஸ் ஏறினேன். தூரம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். மலையில் ஏறியதும் வளைவுக்கு மேல் வளைவு. "முன்னாடி வந்து உக்காருங்க மேடம், பின்னாடின்னா கொடலப் பொரட்டும்" என்றார் ஓட்டுநர். கேட்காமல் பின்னால் உட்கார்ந்து அனுபவித்தேன்.

எனக்கு வேலை ஜெனீவாவில். நாடுவிட்டு நாடு போகும் உணவுப்பொருளுக்கான விதிகளை வரி வரியாகப் பேசித் தீர்க்கும் கூட்டங்களில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். விடுப்பில் வந்தபோது கேள்விப்பட்டேன்: வத்தல்மலைப் பெண்கள் குழு ஜெர்மனிக்கு அனுப்பிய சாமை மாதிரியில் கடுகு கிடந்ததாம். அங்கே சிலருக்குக் கடுகு ஒத்துக்கொள்ளாது. சொல்லாமல் கலந்திருந்தால் சரக்கை ஏற்கமாட்டார்கள். இன்னொரு மாதிரி கேட்டிருந்தார்கள். அதிலும் கடுகு இருந்தால் வியாபாரமே இல்லை.

"நாங்க கடுகு வெதைக்கறதே இல்லீங்க. எங்கிருந்து வருதுன்னே தெரியல" என்றார் குழுத் தலைவி மாதம்மாள். காடு, களம், உமி நீக்கும் மெஷின், சல்லடை எல்லாவற்றையும் பார்த்தோம். ஒரு கடுகுகூட இல்லை. எனக்கே அந்த விதியின் மேல் எரிச்சல் வந்தது.

மதியம் புது மாதிரி எடுக்க மூட்டையைப் பிரித்தார்கள். மாதம்மாள் வீட்டுக்குள் போய், கையை மூடியபடி வந்து, திறந்த மூட்டையை மூன்று சுற்று சுற்றினார். விரலிடுக்கில் உப்பு, மிளகாய், கடுகு!

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"மொத மொதல்ல வெளிநாடு போவுது, கண்ணு பட்டுருமேன்னு போன தடவையும் சுத்திப் போட்டோம்ங்க" என்றவர், தன் விரலிடுக்கைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "அய்யய்யோ, நானேதானா!"

குழு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த மூட்டை சமையலுக்குப் போனது. வேறு மூட்டையில் மாதிரி எடுத்தோம்.

"சூடமாச்சும் சுத்தலாம்ங்களா மேடம்?"

"பையைத் தைச்சப்புறம் எத வேணும்னாலும் சுத்துங்க."

மாலை பஸ் வந்தபோது மாதம்மாள் மறுபடி மூடிய கையோடு வந்தார். "உங்கள எவனும் டெஸ்ட் பண்ணப் போறதில்ல, நில்லுங்க" என்று, தோளில் பையோடு நின்ற என்னைச் சுற்றிப் போட்டார். தடுக்க மனம் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஜெனீவாவில் ஒரு கூட்டத்தின் நடுவே அவர் குரல் பதிவு வந்தது. வெளியே ஓடிப்போய்க் கேட்டேன். "பாஸுங்க மேடம்! லோடு கேட்டிருக்காங்க." சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

திரும்ப வந்து உட்கார்ந்து, கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினேன். இரண்டு கடுகு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன. எதிரே உட்கார்ந்திருந்த ஜெர்மன் அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவற்றைப் பத்திரமாகப் பைக்குள்ளேயே போட்டு மூடினேன்.