ஒட்டிய அட்டை

வேணிக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை. இன்னும் தாள் வெளியே வருவதற்குள் கையை நீட்டிவிடுவாள்.

நூலகத்தில் ‘ஊருக்கெல்லாம் ஒரே புத்தகம்’ என்று தொடங்கினார்கள். ஐம்பது பிரதிகள். படித்தவர் பின்னட்டையின் உள்பக்கச் சீட்டில் பெயரும் தெருவும் எழுதி, வேறு தெருக்காரருக்குக் கொடுக்க வேண்டும். ஆறாவது ஞாயிறு எல்லோரும் கூடிப் பேசுவார்கள். பிரதியைத் திரும்பக் கொண்டுவருவது முதல் ஆளின் பொறுப்பு.

ஒரு பிரதிக்கு வேணிதான் முதல் ஆள். இரண்டே நாளில் படித்து முடித்து, ‘வேணி, காலனி இரண்டாம் தெரு’ என்று எழுதி, பட்டா நகல் எடுக்க வந்த கலைப்பிரியாவிடம் கொடுத்தாள். அவள் கோயில் தெருவில் நிலபுலன் உள்ள வீட்டு மருமகள்.

அதன்பின் புத்தகத்தைப் பற்றித் தகவலே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். போன் செய்தால் “தரேன் வேணி” என்ற பதில்தான். என் பேருக்குக் கீழே பேர் எழுத மனசு வரலையோ என்ற நினைப்பு வேணியை அரித்தது. சோறு இறங்கவில்லை. வீட்டில் புருஷன் அன்புச்செல்வனிடம் எரிந்து விழுந்தாள்.

“ஒரு புக்குக்குப் போயி ஏன் இவ்ளோ பேஜாரு?” என்றான் அவன்.

“அது புக்கு இல்ல, எம்பேரு.”

சனிக்கிழமை காலை கோயில் தெருவுக்கே போய்விட்டாள். கலைப்பிரியாவின் மாமனார் சீனுவாசன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அதே புத்தகம், பிரவுன் அட்டை போட்டு. கலைப்பிரியா பதறி ஓடிவந்து வேணியை ஓரமாக இழுத்தாள்.

“மாமா ரெண்டு தபா படிச்சிட்டாரு. நாளைக்கிக் கூட்டத்துல பேசறதுக்குக் குறிப்பெல்லாம் எழுதிக்கினு இருக்காரு.”

“சீட்டுல எழுதினாராக்கா?”

கலைப்பிரியா தலையைக் குனிந்தாள். “அட்டைய மடிச்சி சீட்டு மேல ஒட்டிட்டேன். மொதப் பேரயும் தெருவயும் பாத்தா தொட்டிருக்க மாட்டாரு, என்னையும் தொட உட்டிருக்க மாட்டாரு. எனக்கும் படிக்கணும்னு இருந்திச்சி, வேணி.”

வேணிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நேராக அவரிடம் போனாள்.

“ஐயா, புக்கக் கொஞ்சம் குடுங்க. படிச்சவங்க பேரு எழுதணும்ங்க.”

வாங்கி, ஒட்டிய மடிப்பைக் கிழித்து, சீட்டை விரித்து அவர் மடியில் வைத்தாள். பேனாவை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

சீனுவாசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒற்றை வரியைப் படித்தார். வேணியை நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய பேனாவையும் பார்த்தார்.

“கலை, உள்ள போயி நம்ம பேனாவ எடுத்துக்கினு வா.”

கலைப்பிரியா நகரவில்லை. வேணியின் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். குனிந்து, வேணியின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் தெருவையும் எழுதினாள். பிறகு அதே பேனாவை மாமனாரிடம் நீட்டினாள்.