என் வீட்டுக்காரரை ஏலத்தில் எடுத்தேன்

போன வருடம் பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை, காலை வேளையில், பென்னலூர் பக்கத்தில் ஒரு குடோனில் நடந்தது இது. வெறும் குடோன் என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடங்களாக டி.வி. சீரியல் ஷூட்டிங் நடந்த இடம். கோர்ட், ஆஸ்பத்திரி, ஜமீன் பங்களா எல்லாம் உள்ளேயே இருக்கும். கார் சாமான் அடுக்கி வைக்க ஒரு கம்பெனிக்காரர் அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டிருக்கிறார். கதை பேசுகிறவனை விட நட்டும் போல்ட்டும் வைக்கிறவன் அதிக வாடகை தருகிறான். அதனால் செட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஏலம் விட்டுவிட முடிவு செய்தார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீடு வல்லம் வடகால் பக்கம். மாடியில் தெற்கத்திப் பெண்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், எல்லாரும் கம்பெனி வேலை. அதில் ஒருத்திதான் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். "ஆச்சி, நீங்க பேசுத மாதிரியே எழுதினா படிக்கவங்களுக்குப் புரியாது" என்று அவள் பாட்டுக்குத் திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும். சொல்கிறவள் நான்தானே.

அந்த ஏலத்துக்கு நான் ஏன் போனேன் என்றால், என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தார். ஆள் நல்ல உயரம். மீசை என்றால் அப்படி ஒரு மீசை, அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டு வளர்த்தார். என் தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் செலவானதில்லை. ஒரு லீவு நாளில், ஷூட்டிங்குக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவன் வந்து நாலைந்து பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனான். சாயங்காலம் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். "இன்னா வேஷம் குடுத்தாங்க?" என்று கேட்டேன். "வேஷம் இல்ல. பட்டுத் துண்டு போட்டு, பட்டையா விபூதி வெச்சி, ஒரு போட்டோ புடிச்சிகினாங்க, அவ்ளோதான்" என்றார். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். விபூதியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். புது சீரியல் ஆரம்பித்திருந்தது. பெரிய பங்களா, மூன்று பிள்ளைகள் சொத்துக்குச் சண்டை. கேமரா மெல்ல மேலே போகிறது. சுவரில் இவர். இவ்வளவு பெரிய படம். படத்துக்குச் சந்தன மாலை, கீழே ஒரு சிவப்பு பல்ப். எதிரில் மூத்த மருமகள் நின்றுகொண்டு, "மாமா, நீங்க போனதிலிருந்து இந்த வீட்ல நிம்மதியே இல்ல" என்று அழுகிறாள். இந்தப் பக்கம் இவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருக்கிறார்.

உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு மாலை போடலாமா? அதுவும் ஊரே பார்க்க, தினமும் சாயங்காலம்? மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு அந்த ஷூட்டிங் இடத்துக்குப் போனேன். மேனேஜர் நல்ல மாதிரிதான், டீ வாங்கிக் கொடுத்தார். மாலையைக் கழற்றுங்கள் என்றேன்.

"அம்மா, மாலையைக் கழட்டினா அப்பா உயிரோட இருக்கறதா ஆயிடும். அப்புறம் மூணு பசங்களும் சொத்துக்கு எதுக்கு அடிச்சிக்கறாங்க? கதையே இல்லம்மா" என்றார்.

திரும்பி வரும்போது இவர் வழியெல்லாம் சிரிப்பு. "சாவுறதுக்குக் கூலி குடுத்து பிரியாணியும் போட்டான். வேற எவன் குடுப்பான்? வுடுடி."

நான் விடவில்லை. அன்றைக்கே என் தலைமேல் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன். இனிமேல் எவன் எதிரிலும் போட்டோவுக்கு நிற்கக் கூடாது. அவர் மற்றதில் எப்படியோ, என் தலைமேல் வைத்த சத்தியத்தைக் காப்பாற்றினார். மகள் கல்யாண ஆல்பத்தில் அவருடைய முழங்கை மட்டும் இருக்கிறது. பேரப் பிள்ளைகள் போனைத் தூக்கினால் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். எங்கள் கல்யாணப் போட்டோவோ பெருமழையில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதே போய்விட்டது.

அவர் நெஞ்சுச் சளியில் இறந்தபோது பேனர் போட ஒரு படம் கிடைக்கவில்லை. சீரியல் எப்போதோ முடிந்துவிட்டது, அந்தப் படம் எங்கே கிடக்கிறதோ தெரியவில்லை. கம்பெனி அடையாள அட்டையில் இருந்த தம்மாத்துண்டுப் படத்தைப் பெரிதாக்கினார்கள். மூக்கு எது, மீசை எது என்று தெரியவில்லை. அவரே எழுந்து வந்து பார்த்தாலும் "இது யாரு?" என்றுதான் கேட்டிருப்பார். அன்றைக்கு நான் அழுததில் பாதி அந்தப் பேனரைப் பார்த்துத்தான். சத்தியம் வாங்கியவள் நான்தானே.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரி அந்தக் குடோனில் பெருக்குகிற வேலை செய்தாள். ஒரு நாள் வேலை முடிந்து நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, மாமா அங்க சுவத்துல சாஞ்சிகினு கீறாரு. தூசி தொடச்சி வெச்சிட்டு வந்தேன்."

கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தேன். விலை கேட்டாயா என்றேன்.

"தனியா குடுக்க மாட்டாங்களாம். அந்தப் பங்களா ஹால்ல இருந்த எல்லாத்தையும் சேத்து ஒரே லாட்டாம். சனிக்கெழம ஏலத்துல வந்து கேட்டுக்கச் சொல்றாங்க."

மகனிடம் சொல்லவில்லை. சொன்னால், "போன்ல அத ஒரு போட்டோ புடிச்சிகினு வாம்மா, போதும்" என்பான். அவன் பேச்சு அப்படி. காதில் இருந்த கம்மலைக் கழற்றி அடகுக் கடையில் வைத்துவிட்டு, காதில் வேப்பங்குச்சி சொருகிக்கொண்டேன். அந்தப் படம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று குடோனுக்குள் நுழைந்தால், அடடா, நான் எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. கருங்கல் தூணை விரலால் தட்டினேன், டொப் டொப் என்றது. தெர்மாகோல். மூன்று பேர் சேர்ந்தாலும் அசையாது என்று தோன்றிய பாறையை நான் ஒற்றைக் கையால் தூக்கினேன். பாதியாக வெட்டின கார் ஒன்று நின்றது. கல்யாண மண்டபக்காரர் ஒருவர் ராஜா நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். அலமாரி நிறையப் புத்தகம், ஒன்றை உருவினேன். வரவில்லை. எல்லாமே வெறும் முதுகு அட்டை, வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள்.

படம் அந்த அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடி, மாலை, விபூதி, மீசை எல்லாம் அப்படியே. என்னைப் பார்த்து, வந்துட்டியா என்கிற மாதிரி இருந்தது. எதிரில் ஜிப்பா போட்ட ஒருவர் உட்கார்ந்து, படத்தின் சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்தவர். சினிமா, சீரியல் சாமான் சேர்ப்பதுதான் அவருக்கு ஆசை. அதிலும் மாலை போட்ட அப்பா படங்கள்தான் சேர்க்கிறாராம்.

"எத்தினி அப்பா வெச்சினு கீறீங்க?" என்று கேட்டேன்.

"நாப்பதுக்கு மேல இருக்கும்மா. ஒரு ரூம் முழுக்க. என் சம்சாரம் அந்த ரூமுக்கு வர்றதில்ல" என்றார். "இது ரொம்ப நாளா தேடினது. மூணு வருஷம் ஓடின சீரியல். இவருக்குன்னு ஒரு ஆணி அடிச்சி வெச்சிட்டு வந்திருக்கேன்."

யார் படம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் விலை ஏற்றிவிடுவார்கள் என்று ஒரு பயம்.

ரேகை வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு நம்பர் அட்டை கொடுத்தார்கள். ஏலம் எனக்குப் புதிதில்லை. எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று பரங்கிக்காய், வாழைத்தார், கோழி எல்லாம் கொண்டுபோய்ப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நம் விலைக்கு மேல் எவரும் கேட்காவிட்டாலும், ஆண்டவருக்குக் கொடுப்பது இவ்வளவுதானா என்று நாமே நம் விலைக்கு மேல் ஏற்றிக் கேட்போம். ஒரு முறை நான் ஒரே பரங்கிக்காயை என் மேலேயே மூன்று தடவை ஏற்றி எடுத்தேன். ஆயர் சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னார்.

பங்களா ஹால் லாட் வந்தது. ஏலக்காரர் மைக்கில் விலை சொன்னார். நான் அட்டையைத் தூக்கினேன். ஜிப்பாக்காரரும் தூக்கினார். நான் ஏற்றினேன். அவர் ஏற்றினார். மண்டபக்காரர் சோபாவுக்காக இரண்டு தடவை கேட்டுப் பார்த்து விலகிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் போனோம். கை வலித்தது. இறக்கவில்லை. ஒரு விலை நான் சொன்னதும் ஜிப்பாக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கணக்குப் போட்டார்.

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர்.

எனக்கு என்ன தோன்றியது என்றால், இந்த மனுஷனுக்கு இவ்வளவுதானா விலை? அட்டையைத் தூக்கி மேலே ஏற்றினேன்.

ஏலக்காரர் சுற்றிப் பார்த்தார். "அம்மா, நிக்கறது உங்க விலைதான்" என்றார்.

"தெரியும். அது கம்மி" என்று சொல்லி இன்னும் ஏற்றினேன்.

குடோனே சிரித்தது. பின்னால் ஒருவன், "கெழவி தன் கூடயே சண்ட போடுது, தள்ளி நில்லுங்கடா" என்றான். அங்கே பெருக்குகிற பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து என் முந்தானையை இழுத்தாள். "அக்கா, இது சர்ச்சு இல்லக்கா." எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான், பின்வாங்க மனசில்லை. அட்டையை இறக்காமல் நின்றேன்.

ஜிப்பாக்காரர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, அந்தப் பழைய சோபாவுக்கா இவ்வளவு?"

"சோபாவ யாரு கேட்டா? படத்துல கீறது என் வூட்டுக்காரரு. நெசமாவே செத்துட்டாரு. எங்க வூட்ல அவரு படம் ஒண்ணுகூட இல்ல."

மைக் பக்கத்தில் நின்றிருந்தேனாம், எல்லாருக்கும் கேட்டுவிட்டது. ஜிப்பாக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் அட்டையை மடித்து ஜிப்பா பைக்குள் வைத்துக்கொண்டார். ஏலக்காரர், ஜிப்பாக்காரர் விட்ட இடத்தில் நான் சொன்ன விலையையே மூன்று தரம் சொல்லி முடித்தார். நான் ஏற்றிய இரண்டையும் சேர்க்கவில்லை.

நான் சண்டைக்குப் போனேன். "வாயால சொன்னது சொன்னதுதான். எங்க சர்ச்சுல அப்டித்தான்."

"சர்ச்சுல ஏத்திக் குடுத்தா சாமி வாங்கிக்கும்மா. இங்க முதலாளிதான் வாங்கிப்பாரு. பேசாம போங்க" என்றார் அந்த மனுஷன். இன்றைக்கும் அவர் நன்றாக இருக்கட்டும்.

வண்டியில் ஏற்றும்போது பார்த்தால், அந்த மாலையைச் சட்டத்தோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். நகத்தால் நெம்பினேன், அசையவில்லை. ஜிப்பாக்காரர் பையிலிருந்து ஒரு சின்ன திருப்புளி எடுத்தார். சாமான் சேர்க்கிறவர்கள் கையில் எப்போதும் அது இருக்குமாம்.

"மாலையோட இருந்தாத்தான் மதிப்பு. கழட்டிட்டா இது வெறும் போட்டோம்மா" என்றார்.

"வெறும் போட்டோதான் சார் வேணும்" என்றேன்.

மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் கீறல் விழாமல் இரண்டு திருகாணியையும் அவரே கழற்றினார். மாலையை அவருக்கே கொடுத்துவிட்டேன். அவர் அடித்து வைத்த ஆணியில் இப்போது அந்த மாலை மட்டும் தொங்குகிறதாம். போனில் படம் அனுப்பினார்.

மற்ற சாமானெல்லாம் என் வீட்டில்தான். படிக்கத் தெரியாத என் வீட்டில் ஒரு அலமாரி புத்தகம். உள்ளே எழுத்து இல்லாததால் எனக்கும் அதற்கும் நல்ல ஒற்றுமை. சிவப்பு டெலிபோனைப் பேரப் பிள்ளைகள் எடுத்து யாரிடமோ மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு வேறு இரண்டு ஏலத்துக்கும் போய்விட்டு வந்தேன். ஒன்றில் ஜட்ஜ் தட்டுகிற சுத்தியல் கிடைத்தது. மாடியில் பெண்கள் கத்தினால் படியில் நின்று இரண்டு தட்டு, அடங்கிவிடுவார்கள். இப்போதெல்லாம் என் மேல் நானே ஏற்றுவதில்லை. கம்மலையும் மீட்டுவிட்டேன்.

ஆயர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். விபூதியோடு இருக்கிற படத்தைப் பார்த்து ஏதாவது சொல்வாரோ என்று பயந்தேன். "நல்லா கம்பீரமா இருக்காரு" என்று மட்டும் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

யார் போனை நீட்டினாலும் இப்போது நான்தான் முதலில் போய் நிற்கிறேன், பல் இல்லாத வாயைத் திறந்துகொண்டு. அவருக்கும் சேர்த்து நிற்கிறதாக நினைப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் படத்துக்கு ஒரு மாலை வாங்கிப் போடக் கூடாதா என்று கேட்கிறார்கள். மாலையைக் கழற்றினால் அப்பா உயிரோடு இருப்பதாக ஆகிவிடும் என்று அன்றைக்கு அந்த மேனேஜர் சொன்னாரே, ஆகட்டுமே என்றுதான் இதுவரை ஒரு முழம் பூகூட அந்தப் படத்துக்கு நான் போட்டதில்லை.