லென்சுக்கு முன்னால் என் கை

படம் ஓட்டுகிறவனைச் சனம் நினைப்பது படம் அறுந்தால்தான், அதுவும் திட்டுவதற்கு. ஒப்பரேட்டர் வேலை பார்த்தவர்கள் இதற்குத் தலையாட்டுவீர்கள். அறுபதுகளில் கிளிநொச்சியில் ஒரு கிடுகுக் கொட்டகையில் ஓட்டிய எனக்கோ, படம் ஒழுங்காக ஓடும்போதும் திட்டு விழுந்தது.

மூன்று சாமான்

கண்டாவளைப் பக்கத்து இளைஞர் இருவர் வாள்சண்டைப் படம் பார்த்த மறுநாள் மண்வெட்டிப் பிடியால் அடிபட்டு, ஒருவருக்கு மண்டை உடைந்தது. சண்டை வாய்க்கால் தண்ணீருக்காக. படம் வருமுன்னரே எங்கள் ஊரில் தண்ணீருக்கு மண்டைகள் உடைந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் பழி படத்தின் தலையில்.

கொழும்பில் அரசாங்கத் தணிக்கை வெட்டியது போதாதென்று, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அரசாங்க அதிகாரி, காரியாதிகாரி, என்னைக் கூப்பிட்டுச் சண்டைக் காட்சிகளை வெட்டச் சொன்னார். படச்சுருளில் நாங்கள் கைவைத்தால் படக்காரர் தோலை உரித்துவிடுவார்கள் என்றேன். அப்படியானால் லென்சுக்கு முன்னால் கையைப் பிடி என்றார். மறுக்க வழியில்லை, கொட்டகை அனுமதி அவர் கையெழுத்தில், என் வீட்டு அடுப்பு எரிவது கொட்டகையால்.

“கத்தி, துவக்கு, ரத்தம். இந்த மூண்டும் திரையிலை விழக்கூடாது. விழுந்தால் கொட்டகையைப் பூட்டுவன்.”

இருட்டில் செத்தவர்கள்

படத்தை மறைக்கலாம், சத்தத்தை என்ன செய்வது? திரை கறுத்திருக்க, வாள் மோதும், யாரோ அலறுவார்கள். உண்மையில் கதாநாயகன் ஒருவனுடைய தலைப்பாகையைத்தான் தட்டிவிட்டிருப்பான். முல்லைத்தீவிலிருந்து துணி விற்க வரும் முஸ்லிம் நானா ஒருவர் படம் முடிந்ததும், நான் படம் ஓட்டும் பரணின் ஏணியடிக்கே வந்துவிட்டார்.

“தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ, அதுக்குள்ளை எத்தினை பேர் செத்தவை? எங்கட வாங்கிலை இருந்தவை நாலு எண்டு கதைக்கினம்.”

பட்டியலில் இல்லாதது

அடுத்து வந்தது ஒரு குடும்பப் படம். கத்தியில்லை, துவக்குச் சூடில்லை, ஒரு சொட்டு ரத்தமில்லை. என் கைக்கு ஓய்வென்று சந்தோஷப்பட்டேன். நடுவில் ஒரு காட்சி: புருஷன் குசினிக்குள் பெண்சாதியைப் போட்டு அடிக்கிறான். ஆண்கள் பக்கம் சிரிப்பு. ஒருவர் விசிலும் அடித்தார்.

படம் விட்டதும் பூமணி அக்கா வந்து நின்றா. குடியேற்றத்திட்டத்தில் வயல் செய்கிற வீடு. அவாவின் புருஷன் கள்ளுக்குடித்துவிட்டு வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அயலுக்கே தெரியும். தெரிந்து, நாங்கள் எல்லாரும் படலையைச் சாத்திக்கொள்வோம்.

“தம்பி, கத்தியை மறைக்கிறியள். அவளுக்கு அடிக்கேக்கை மட்டும் ஏன் கையை எடுத்தனீங்கள்?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே காரியாதிகாரியிடம் போய், அந்த அடியையும் மறைக்கலாமா என்று கேட்டேன். கெட்ட மனிதரல்ல, பேனையை மேசையில் தட்டித் தட்டி நெடுநேரம் யோசித்தார்.

“அது குடும்ப விஷயம் காணும். அதுக்குள்ளை அரசாங்கம் எப்பிடிப் போறது?”

அன்று பின்னேரக் காட்சி

குசினிக் காட்சி வந்ததும் கையைப் பிடித்தேன். சொல்லாததைச் செய்கிறேன் என்று அனுமதி போகலாம். காசு கொடுத்த சனம் கதிரையைத் தூக்கி எறியலாம். திரை கறுத்தது. அடி விழும் சத்தம் கேட்டது, மறுபடியும் கேட்டது, பிறகு அவளுடைய விம்மல். சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பூமணி அக்காவின் புருஷனும் முன்வாங்கில் இருந்தார். அவர் முகம் எப்படிப் போனது என்று பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை, இருட்டில் தெரியவில்லை. வெளியே போகும்போது அக்கா ஏணியடியில் சற்று நின்றா.

“இண்டைக்குத்தான் தம்பி, அந்த அடி எல்லாருக்கும் கேட்டது.”

படத்தில் அடிதடியை அரசாங்கம் தடுக்கலாமா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். தடுக்கட்டும், ஆனால் எது அடி என்று பெண்கள் பக்கத்து வாங்குகளில் ஒருதரம் விசாரித்துவிட்டுத் தடுக்கட்டும்.