நேசக்குமார் வேனுக்கு நான்கு டிஸ்க்

2023 நவம்பர் 11 – டியூப் இரண்டு – ரூ. 1,760
2023 நவம்பர் 25 – மறுபடியும் டியூப் ஒன்று – ரூ. 880
2023 டிசம்பர் 4 – பழைய டிஸ்க் ஒன்று, திருநெல்வேலி – ரூ. 1,400
2023 டிசம்பர் 19 – பழைய டிஸ்க் இரண்டு, மதுரை – ரூ. 3,000
2024 ஜனவரி 22 – புது டிஸ்க் நான்கு, கோயம்புத்தூர், லாரி வாடகை உட்பட – ரூ. 13,650
2024 பிப்ரவரி 3 – தபால் அட்டை, உறை, தபால்தலை – ரூ. 212
ஆக ரூ. 20,902

இவ்வளவு செலவழித்தும் முத்தையாபுரம் நேசக்குமாரின் வேன் வாசலை விட்டு ஒரு அடி நகரவில்லை. நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரங்களைக் கழற்றி மதில் ஓரம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

நேசக்குமார் பிறந்தது நாசரேத், புராட்டஸ்டன்ட் குடும்பம். துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் பிரிவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மனைவி கிருபாபாய் அதே துறைமுகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அவர்கள் ஒருவருக்கொருவர் குரல் மட்டும்தான். கிரேன் ஷெட்டிலிருந்து "ஸ்டோர்ஸ் குடுங்க" என்று கேட்பது அவர். குடுப்பது இந்த அம்மா. ஒருநாள் ஸ்டோர்ஸில் யாரும் எடுக்கவில்லை என்று கிருபாபாய் சொன்னபோது, "பரவாயில்ல, கொஞ்ச நேரம் லைன்லயே இருக்கேன்" என்றாராம். அவர் வாயிலிருந்து வந்த ஒரே காதல் வசனம் அதுதான் என்று கிருபாபாய் இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நேசக்குமார் காதில் விழாதவர் போல எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவார்.

2010-இல் கிருபாபாய்க்கு முதுகெலும்பில் அறுவை நடந்தது. உயிருக்குப் பழுதில்லை. ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாமல் போயிற்று. பஸ், கார், ஆட்டோ எல்லாம் அதோடு நின்றன. ஆம்புலன்ஸில் கூட்டிப் போகிறேன் என்று நேசக்குமார் சொன்னதற்கு அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல ஜன்னலப் பூரா வெள்ளையா ஒட்டி வச்சிருப்பாவ. எந்த ஊரு வருது, எந்த ஊரு போவுதுன்னே தெரியாது. அதுக்கு நான் வீட்டு மச்சையே பாத்துட்டுக் கெடக்கேன்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் அப்படியே தலைக்கு மேலிருந்த மச்சைப் பார்த்துக் கிடந்தார்.

அப்போதுதான் கண் சிகிச்சை முகாம்களுக்கு ஓடிய ஒரு பழைய டீசல் வேன் ஏலத்துக்கு வந்தது. நேசக்குமார் அதை எடுத்து, பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டு, தாழ்வாக ஒரு கட்டில் அடித்தார். ஒரு சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், மடக்கு மேஜை, மழைக்குத் தார்ப்பாய் எல்லாம் சேர்ந்ததும் அது ஓடுகிற வீடாகிவிட்டது. பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தால் கட்டிலில் படுத்திருப்பவருக்கு வெளியில் எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டு, திருச்செந்தூர் தாண்டி, மணப்பாடு, பெரியதாழை என்று கடலோரமாகவே போவார்கள். அலைக்கு எதிரே வேனை நிறுத்தி, கஞ்சி காய்ச்சிக் குடித்து, அங்கேயே தூங்கி, சனிக்கிழமை சாயங்காலம் திரும்புவார்கள். வந்ததும் வராததுமாக நேசக்குமார் வாளியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, சக்கரத்தில் ஒட்டிய கடற்கரை மணலை ஒன்று விடாமல் கழுவுவார். கொரோனா ஊரடங்கு போக, பதினொரு வருஷமும் ஒரு வாரம் தவறியதில்லை.

நவம்பர் மாதம் ஒரே சக்கரம் திரும்பத் திரும்பக் காற்று இறங்கியது. மெக்கானிக் ஜெபகனி டயரைக் கழற்றினார். டயர் உட்காரும் இரும்பு வட்டத்தைத்தான் டிஸ்க் என்பார்கள். அதிலிருந்து துரு மீன் செதில் மாதிரி உதிர்ந்தது. மற்ற மூன்றையும் கழற்றினார். நட்டு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்குக் கீறல் ஓடியிருந்தது.

"என்னத்த வச்சுக் கழுவுதிய அண்ணாச்சி?"

"போர் தண்ணிதான்."

ஜெபகனி அடிபம்பைப் பார்த்தார். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வீடு. அந்தத் தண்ணீரில் சோப்புக்கூட நுரைக்காது. கடல் உப்பைக் கழுவுகிறேன் என்று அவர் வாராவாரம் நிலத்தடி உப்பைப் பூசிக்கொண்டிருந்தார். "மணல அப்பிடியே விட்டிருந்தாக்கூட இன்னும் அஞ்சு வருசம் வந்திருக்கும்" என்று ஜெபகனி சொன்னது உள்ளே கட்டிலில் இருந்த கிருபாபாய்க்கும் கேட்டது. அன்று ராத்திரி நேசக்குமார் சாப்பிட உட்காரவில்லை. கிருபாபாய் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லி அவரைத் தைலம் தேய்க்க வைத்து, அப்படியே இரண்டு தோசையையும் சாப்பிட வைத்தார்.

பிறகு தேடல் தொடங்கியது. அந்த வேன் வருவது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. அதிலும் இந்த அச்சு வைத்த வேன் கொஞ்ச வருஷம்தான் வந்ததாம். திருநெல்வேலியில் கிடைத்த டிஸ்க்கில் ஓட்டை ஆறும் சரியாக இருந்தது. நடு ஓட்டை சின்னது. மதுரையில் நடு ஓட்டை சரி, ஆறு ஓட்டையும் தள்ளித் தள்ளி இருந்தன. கோயம்புத்தூரிலிருந்து வந்த புது டிஸ்க் நான்கும் மோதிரம் மாதிரிப் பொருந்தின. நேசக்குமார் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது. ஜெபகனி அதைப் புரட்டி, உள்பக்கம் அடித்திருந்த எடைக் கணக்கைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது காருக்குச் செய்தது. வேனின் எடையை நின்ற இடத்தில் தாங்கும். ரோட்டில் ஒரு குழியைத் தாங்காது.

கீறலை வெல்டு வைத்துத் தருகிறேன், ஆயுசுக்கும் ஓடும் என்று பைபாஸில் ஒருவர் சொன்னார். ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். நேசக்குமார் கேட்டுக்கொண்டார். "அதுக்கு மேலதான அவ படுத்திருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பழைய சாமான் கடைகளுக்கெல்லாம் அளவு எழுதி, படம் வரைந்து, கார்டு போட்டார். பாதிப் பேர் பதில் போட்டார்கள். எல்லாரும் மரியாதையாக இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

மார்ச் ஆயிற்று. கிருபாபாய் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடவா என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார். பழையபடி மச்சைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்பது நேசக்குமாருக்குப் புரிந்தது. அந்த வேனை விலை பேச ஒருவர் வந்தபோது, அவர் இல்லை என்று சொல்லாமல், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வந்தவர் போன பிறகு கிருபாபாய் கூப்பிட்டார்.

"இங்கேருங்க. போன ஆகஸ்டு மாசம் ஒரு குட்டி ஊருல வேன நிறுத்துனோமே, மாதா திருவிழா. சப்பரம் நம்ம கதவ ஒட்டித்தான போச்சு."

"ஆமா."

"எல்லாரும் மேல மாதாவப் பாத்தாவ. படுத்திருக்கவளுக்கு மேல எங்க தெரியுது? எனக்குச் சக்கரம்தான் தெரிஞ்சது. நம்ம வேன் சக்கரம்."

 நேசக்குமார் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஜெபகனி வீட்டுக்கு நடந்தார்.

அந்த ஊர் மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் நடுவில் இருக்கிறது. முன்பெல்லாம் மாதா சொரூபத்தைத் தோளில்தான் தூக்குவார்கள். வாலிபர்கள் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, தூக்க ஆள் குறைந்து, சப்பரத்துக்குச் சக்கரம் வந்தது. நேசக்குமாரும் ஜெபகனியும் போனபோது ஊர்க்காரர்கள் சப்பர ஷெட்டைத் திறந்து காட்டினார்கள். சப்பரத்தை மரக்கட்டை மேல் ஏற்றி, சக்கரம் நான்குக்கும் தேங்காய் எண்ணெய் பூசி, சாக்குச் சுற்றி வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரே நாள் ஓடுகிற சக்கரம். சாக்கை விலக்கி டார்ச் அடித்த ஜெபகனி, பத்து வருஷமாகத் தொலைந்த சொந்தக்காரனைப் பார்த்ததுபோல், "இதான், இதான்" என்றார். நடு ஓட்டை, ஆறு ஓட்டை, எண் எல்லாம் அதே. உப்பு ஒரு பொட்டுக்கூட ஏறவில்லை.

நேசக்குமார் வீட்டுக்கு வந்து அந்த ஊர்த் திருவிழாக் கமிட்டிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். தங்கள் சக்கரங்களைத் தந்தால், பதிலுக்குக் கோயம்புத்தூர்ப் புது டிஸ்க் நான்கையும் புது டயரோடு மாட்டித் தருகிறேன்; சப்பரத்தின் எடைக்கு அது தாராளமாகத் தாங்கும்; உயரம் மூன்றரை சென்டிமீட்டர் குறையும்; இவ்வளவுதான் விஷயம். ஆனால் மூன்று தாளைக் கிழித்துவிட்டார். கட்டிலிலிருந்து கிருபாபாய் சிரித்தார். பல மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு.

"நம்ம சபைக்காரவ மாதாகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டோம். மொத மொத கேக்கதே அவ வண்டிச் சக்கரத்தையா?"

முதல் பதில் ஏப்ரலில் வந்தது. நேர்ச்சைக் காணிக்கையாக வந்த பொருளைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றிருந்தது. நேசக்குமார் மறுபடி எழுதினார். இரண்டாவது பதில் ஜூனில் வந்தது. சப்பரத்தின் உயரம் குறைவதை ஊரில் பெரியவர்கள் விரும்பவில்லை என்றும், ஆனாலும் சக்கரங்களைக் கொடுத்தவர் முழு மனதோடு சம்மதித்தால் மறுபடி பேசலாம் என்றும் எழுதியிருந்தார்கள். கொடுத்தவர் கிளாடிஸ். அவர் கணவர் மனுவேல் அதே மாதிரி வேனில் மீன் ஏற்றித் தூத்துக்குடிக்கு ஓட்டியவர். மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வண்டியை உடைக்கக் கொடுத்தபோது, சக்கரம் நான்கையும் ஸ்டெப்னியையும் மட்டும் கிளாடிஸ் மாதாவுக்குக் கொடுத்துவிட்டார்.

அதைப் படித்துவிட்டு நேசக்குமார் கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தார். செத்துப்போன மனிதரின் ஞாபகமாகக் கொடுத்ததை, கொடுத்த அம்மாவிடமே போய்த் திருப்பிக் கேட்பது அவரால் ஆகிற காரியம் இல்லை. கிருபாபாயும், "வேண்டாம், போவாதிய" என்றார். அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு முற்பகல், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, வீடு விசாரித்து வந்தார். செங்கல் மேல் நின்ற வேனைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலி கிடக்க, தரையில் உட்கார்ந்தார். கிருபாபாய் முகமும் அவர் முகமும் நேருக்கு நேர் வந்தன.

"நான் கிளாடிஸ். கூட்டத்துல உங்க வீட்டு அண்ணாச்சி எழுதினத வாசிச்சாவ. யாருக்குன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

காபி வந்தது. இரண்டு பேரும் வெயிலைப் பற்றி, மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். நேசக்குமார் கதவோரம் நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கிளாடிஸ், எதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டும், கடல் இங்கேயே இருக்கிறதே என்று கேட்டார்.

கிருபாபாய் சொன்னார்: "வீட்டுல கெடந்தா எல்லாரும் என்னயக் குனிஞ்சு பாக்காவ. வேன்ல கதவத் தெறந்து போட்டுட்டா, கடக்கரையில போற சனம் பூரா என் கண்ணுக்கு நேரா போவுது. அம்புட்டுதான்."

கிளாடிஸ் காபித் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"எங்க வீட்டு ஆளு ஒரு நாள் வண்டி ஓட்டாம இருந்தா அன்னைக்கு வீட்டுல சண்டைதான். வெறும் வண்டியையாவது எடுத்துட்டு உடன்குடி வரைக்கும் போயிட்டு வருவாவ. அவிய சக்கரத்தப் போயி வருசத்துக்கு ஒரு நாள்னு கெட்டி வச்சிருக்கோம்."

நேசக்குமார், மூன்றரை சென்டிமீட்டர் குறையும் என்பதை மறைக்கக்கூடாது என்பதுபோல், மெல்லச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் அதற்குத்தான் மனத்தாங்கல்படுகிறார்கள் என்றும் சொன்னார்.

"ரெண்டு விரக்கடை" என்று கிளாடிஸ் விரலை வைத்துக் காட்டினார். "கூட்டத்துல அதத்தான் பேசுதாவ. மாதா எறங்கிப் போவாளாம், குட்டையாத் தெரிவாளாம். ரெண்டு விரக்கடை எறங்கி வந்தா என்ன அண்ணாச்சி? படுத்துக் கெடக்கிற அக்கா கண்ணுக்கும் தெரியட்டும்."

 கிருபாபாய் கையை நீட்டினார். கிளாடிஸ் அதைப் பிடித்துக்கொண்டு, பஸ் நேரம் வரும்வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது, டிஸ்க்கைக் கழுவுவதானால் நல்ல தண்ணீர் லாரி வருகிற அன்றைக்குக் கழுவுங்கள் என்று நேசக்குமாரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜெபகனி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார் என்று நேசக்குமாருக்கு விளங்கியது. கோபம் வரவில்லை.

கிளாடிஸ் கூட்டத்தில் என்ன பேசினாரோ தெரியாது. பேச்சு ரொம்ப நேரம் போயிற்று என்று மட்டும் கேள்வி. மூன்றாவது கடிதம் நான்கே வரி. திருவிழாவுக்கு முன்பு வந்து சக்கரங்களை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டெப்னிக்கென்று ஷெட்டில் தொங்கும் ஐந்தாவதையும் எடுத்துக்கொள்ளவும். சப்பரம் புறப்படும் சாயங்காலம் வேனை நிறுத்தக் கோயில் வாசலுக்கு எதிரே இடம் விட்டு வைக்கப்படும். நேசக்குமார் அதை உரக்கப் படித்தார். கிருபாபாய் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்து முடிந்ததும், வேன் கட்டில் மெத்தை உறையை வெயிலில் போடுங்கள் என்றார். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 2024 ஜூலை 18, வியாழக்கிழமை.