என் மகளுக்காக நான் பேசாத பேச்சு

இதை வாசிக்கும் சகோதரரே, சகோதரியே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். என் பக்கத்து நியாயத்தை மட்டும் சொல்லித் தப்பிக்க முயன்றால், அந்த இடத்திலேயே என்னை நிறுத்துங்கள்.

ஆவூர்க் கத்தோலிக்கப் பங்கில் பிறந்தவன் நான். கல்லூரிப் பேச்சு மேடையில் தோற்றதில்லை. அந்தச் செருக்கோடு மலாயா சென்று ஈப்போவில் ஆசிரியரானேன். ஆலங்குடியைச் சேர்ந்த ஆரோக்கியமேரியை மணந்து அழைத்துச் சென்றேன். செசிலி பிறந்தாள். குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது, தாயாருக்கு உடல்நலமில்லை, மூன்றே மாதத்தில் திரும்புவேன் என்று சொல்லி மனைவி தனியே கப்பலேறினாள். நம்பினேன். துறைமுகத்தில் நின்று கையசைத்தேன்.

அவள் தாயார் நலமாகவே இருந்தார். கறம்பக்குடியில் அவள் வேறொருவரோடு குடும்பம் நடத்துவதை, எனக்கு முன்பே தெரியுமென்று எண்ணி, ஊரிலிருந்து வந்த ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். அன்று வகுப்பில் பிள்ளைகளின் பெயர்களைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அவள் அண்ணன் அந்தோணியின் கடிதம் வந்தது. செசிலி தன் மகனுக்கு முறைப்பெண், ஆலங்குடியில்தான் வளரவேண்டும், அனுப்பாவிட்டால் வழக்கு என்று எழுதியிருந்தார். மகளை என் ஒருவன் பொறுப்பில் விடும்படி ஈப்போ நீதிமன்றத்தில் மனுச்செய்தேன். தாயின் சம்மதப் பத்திரம் வேண்டுமென்றார்கள். அவளுக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொன்றும் ஒரு மேடைப் பேச்சு. துரோகம் என்ற சொல்லை ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோடிட்டேன். பதிலில்லை.

மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு, தவக்காலத்தில், சம்மதத்தை நேரில் வாங்க ஊருக்குப் புறப்பட்டேன். பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்சி மகளை நண்பர் வீட்டில் விட்டேன். கப்பல் தளத்தில் கடற்காற்றை எதிர்த்து அவர்கள்முன் பேசவிருந்த பேச்சை நாள்தோறும் முழங்கிப் பழகினேன். நாகப்பட்டினத்தில் இறங்கியபோது குரல் போய்த் தொண்டையில் காற்றுதான் இருந்தது.

ஆவூர்க் கோயிலில் முழந்தாளிட்டேன். ஆண்டவரே, ஒரு மணி நேரத்துக்காவது குரலைத் தாரும் என்று மன்றாடினேன். தரவில்லை. மனைவியைப் போல் அவரும் என்னைக் கைவிட்டார் என்றே எண்ணினேன்.

அந்தோணி வீட்டில் பங்குப் பெரியவர்கள் சிலர் கூடியிருந்தனர். ஆரோக்கியமேரியும் வந்திருந்தாள்.

“என்ன மாப்பிள்ளை, தொண்டை கட்டிருச்சா? கடுதாசியில அந்த முழக்கம் முழங்குனீங்களே” என்றார் அந்தோணி. எல்லாரும் சிரித்தார்கள். என் கடிதங்களை அவர் ஊர்கூட்டி உரக்க வாசித்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அது தெரிந்தே அப்படி எழுதியவன் நான்.

அவள் நிமிராமல் கேட்டாள்: “நாலு கடுதாசி வந்துச்சு. ஒண்ணுலயாவது புள்ள எப்படி இருக்குன்னு எழுதுனீங்களா?”

விட்டுப்போன உனக்கு அதைக் கேட்க உரிமை ஏது? மறுப்புரை நாக்கின் நுனியில் நின்றது. குரல் வரவில்லை. கேட்டதற்கு மட்டும், கிசுகிசுப்பாக, பதில் சொன்னேன். பக்கத்து வீட்டாரோடு மலாய் பேசுகிறாள். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் உறங்குகிறாள். சென்ற மாதம் முன்பல் விழுந்தது. காது கொடுத்துக் கேட்க அவள் நெருங்கி வந்து அமர்ந்தாள்.

பிறகு பத்திரத்தைக் கேட்டாள்.

“முறைப்பொண்ண விட்டுக்குடுக்கப் போறியா?” என்றார் அண்ணன்.

“அதை விட்டுட்டு வந்தவ நான். நீ இல்லண்ணே” என்றாள். கைநாட்டு வைத்தாள்.

அவள் செய்தது துரோகமே. இன்றும் அதற்கு வேறு பெயர் சூட்டமாட்டேன். ஆனால் அன்று எனக்குக் குரல் இருந்திருந்தால் மகளை இழந்திருப்பேன். அந்தப் பத்திரத்தை ஏற்று, நீதிமன்றம் செசிலியை என்னிடமே ஒப்படைத்தது. உங்கள் மன்றாட்டும் மறுக்கப்பட்டதாகத் தோன்றினால், அவசரப்பட்டு ஆண்டவர்மீது தீர்ப்பெழுதாதீர்கள். நம்பிக் காத்திருங்கள்.

கைநாட்டு வாங்கியபின், ஈப்போ திரும்பக் கப்பலேறுமுன் மீண்டும் ஆவூர் சென்றேன். அன்றுதான் குரல் திரும்பியது. பீடத்தின்முன் வாய்விட்டுச் சொன்னேன்: “மாதந்தோறும் அவளுக்கு மகளைப் பற்றிக் கடிதம் எழுதுவேன். எவர் உரக்க வாசித்தாலும் அவள் தலைகுனியும்படி அதில் ஒரு சொல்லும் இருக்காது.”